அரசனை நம்பி மாத்திரையைக் கைவிட்ட மாப்பிள்ளை

வாங்க மாப்ளே, வாங்க. உங்க ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தேன். எல்.டி.எல் கொழுப்பு சிங்கப்பூர்க் கணக்குல 4.9. ஊர்க் கணக்குக்கு மாத்தினா 190. ரொம்ப சந்தோஷம். நம்ம பரம்பரையில கணக்குப் பரீட்சையில யாரும் இவ்வளவு வாங்கினதில்ல.

சீட்டைவிட அதுக்கு நீ கண்டுபிடிச்ச வைத்தியம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. "பாலிகிளினிக்ல கொடுத்த மாத்திரையை நிப்பாட்டிட்டேன் மாமா. ஆறு மாசத்துக்கு ஒரே ஒரு ஊசி வந்திருக்காம். ஆர்.என்.ஏ ஊசி. வரட்டும், அதையே போட்டுக்கிறேன்"னு எஸ்கலேட்டர்ல இறங்கிக்கிட்டே சொன்னே. கையில நெய் ரோஸ்ட் பார்சல். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவ கதையை ஊர்ல கேட்டிருக்கேன். அரசன் யாருன்னே தெரியாம கைவிட்டவனை டோபி காட்லதான் பார்க்கிறேன்.

உன் மச்சினன் உனக்கும் மேல. "ஆர்.என்.ஏ ஊசி போட்டா ஜீனே மாறிடும், ஏழு தலைமுறைக்கும் ஆபத்து"ன்னு குடும்ப வாட்ஸ்அப்ல போட்டிருக்கான். அதுக்கு யாரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினதுன்னு பார்த்தா, நீ! அந்த ஊசிக்காகக் காத்துக்கிட்டும் இருப்பே, அது ஆபத்துன்னா அதுக்கும் ஆமாம் போடுவே. ஒரே உடம்புல ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நடத்துறதுக்கு ஒரு தெம்பு வேணும் மாப்ளே.

சரி, உட்காரு. இந்த டோபி காட் ஸ்டேஷன்ல மூணு ரயில் பாதை கூடுது. வடகிழக்குப் பாதையில ஏறினா அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. இறங்கினா தேக்கா, பிராட்டா, மட்டன் பிரியாணி, உன் எல்.டி.எல்லோட தாய்வீடு. வட்டப்பாதையில ஏறினா ஊரையெல்லாம் சுத்திக் காட்டிட்டு ஒன்-நார்த்துல இறக்கிவிடும். அங்கே பயோபோலிஸ், 2003ல திறந்த ஆராய்ச்சிக் கட்டடங்கள். நோய் வாங்க ஒரு ரயில், அதை ஆராய ஒரு ரயில். உன் ஈசிலிங்க் கார்டுல எந்தப் பக்கத்துக் காசு கழியுதுன்னு உன் தொப்பையே சொல்லிடும்.

காவல்காரனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னுதானே நினைக்கிறே? அந்தப் பக்கத்துக் கட்டடம் ஒண்ணுல நான் ராத்திரிக் காவல் பார்த்தவன். பரிசோதனை சரியா வராம ராத்திரி ரெண்டு மணிக்கு வெளியே வந்து நிக்கிற படிச்ச பிள்ளைங்களுக்குப் பேச்சுக்கு ஆள் வேணும். எனக்குத் தூக்கம் வரக்கூடாது. ரெண்டு பேருக்கும் லாபம். அப்படிக் காதுல விழுந்ததையெல்லாம் பல்கலைக்கழகத்துல படிக்கிற பேத்தி உட்கார வச்சு ஒழுங்கு பண்ணிக் கொடுத்தா. நீயும் படிச்சவன்தான். படிச்சது வாட்ஸ்அப் பல்கலைக்கழகம், அதான் வித்தியாசம்.

கேளு. உன் உடம்புல புரதம் செய்யச் சொல்ற ஜீன் சுமார் 20,000. மீசையை முறுக்காதே. மண்ணுல ஒரு மில்லிமீட்டர் நீளத்துல ஒரு புழு நெளியுது, சி. எலிகன்ஸ்னு பேரு. மொத்த உடம்புமே 959 செல்தான். அதுக்கும் ஜீன் கிட்டத்தட்ட அதே 20,000. சொத்துக் கணக்குப்படி நீயும் அதுவும் பங்காளி. எந்த ஜீன் எப்போ வாயைத் திறக்கணும், எப்போ மூடிக்கணும்ங்கிற கண்டிப்புலதான் நீ வேற, புழு வேற. அந்தக் கண்டிப்பை நடத்துற கூட்டத்துல முக்கியமான ஆள் ஒழுங்குமுறை ஆர்.என்.ஏ. புரதம் செய்யாது, மத்தவன் செய்யறதை அடக்கும். உங்க ஆபீஸ்ல கூட அப்படி ஒருத்தர் இருக்கார்னு நீ சொல்வே. ஆனா இது பிரயோஜனமான ஆள்.

அந்தப் புழுவை ஆராய்ச்சி மேசைக்கு ஏத்தினவர் சிட்னி பிரென்னர். தென்னாப்பிரிக்காவுல செருப்புத் தைச்சவர் மகன். டி.என்.ஏ-யில எழுதியிருக்கிற கட்டளையைப் புரதம் செய்யற இடத்துக்குத் தூக்கிட்டுப் போறது தூது ஆர்.என்.ஏ-ன்னு 1961ல காட்டினவங்கள்ல ஒருத்தர். புழுவுக்காக 2002ல நோபல் வாங்கினார். உயிரியல் ஆராய்ச்சிக்கு இந்த ஊர்ல அடித்தளம் போட 1980கள்லயே சிங்கப்பூருக்கு யோசனை சொன்னவரும் அவர்தான். 2019 ஏப்ரல்ல இங்கேயே கண்ணை மூடினார். அவர் வளர்த்த புழுவுலதான் நான் சொல்லப்போற கதை பிறந்துச்சு.

1993ல அமெரிக்காவுல விக்டர் ஆம்புரோஸும் கேரி ரவ்கனும் தனித்தனியா அந்தப் புழுவோட ரெண்டு ஜீனை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. ஆம்புரோஸ் கையில இருந்த லின்-4ங்கிற ஜீன் புரதமே செய்யலே. 22 எழுத்துல ஒரு துண்டு ஆர்.என்.ஏ-வை மட்டும் துப்பிச்சு. ரவ்கன் கையில இருந்தது லின்-14. ரெண்டு பேரும் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தா, இந்தத் துண்டு அந்த லின்-14ஓட தூதுச் சீட்டு வால்ல போய் ஒட்டிக்கிற மாதிரி இருக்கு. ஒட்டிக்கிட்டுப் புரதம் செய்ய விடாம பண்ணுது. ஊர் என்ன சொல்லிச்சு? "ஏதோ புழு விவகாரம்"னு போயிடுச்சு. 2000ல ரவ்கன் ஆய்வுக்கூடத்துல லெட்-7னு இன்னொண்ணு அகப்பட்டுச்சு. அது ஈக்கும் இருக்கு, மீனுக்கும் இருக்கு, உனக்கும் இருக்கு. அப்புறம்தான் எல்லாரும் முழிச்சுக்கிட்டாங்க. மனுஷனுக்குள்ள மட்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ-ன்னு பேர் வாங்கின இந்தக் குட்டித் துண்டுகளைச் செய்யற ஜீன் ஆயிரத்துக்கு மேல தேறிடுச்சு. ரெண்டு பேருக்கும் நோபல் வந்தது 2024ல. 31 வருஷம் மாப்ளே. பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போச்சுன்னு மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கிட்டவன் நீ. சாப்பாட்டுல மட்டும் குறை வைக்கல.

இத்தனை சீட்டு ஓடுற இடத்துல, எதை நிறுத்தணும்னு அந்தக் குட்டி ஆளுக்கு எப்படித் தெரியும்? அதுக்கு விடை நாம உட்கார்ந்திருக்கிற இடத்துலயே இருக்கு. இந்த எம்ஆர்டியும் மேல பிளாசா சிங்கப்பூராவும் இல்லாத காலத்துல இங்கே பிராஸ் பாசா ஓடை ஓடுச்சு. இப்போ ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்னு சிமெண்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்களே, அதுதான். இந்தியாவுல இருந்து வந்த சலவைக்காரங்க அதுல துவைச்சு, பக்கத்து வெளியில காயப்போட்டாங்க. ஊர்ல நம்ம சலவைக்காரர் எப்படி வேலை பார்ப்பார்னு உங்கம்மாவைக் கேட்டுப் பாரு. நூறு வீட்டுத் துணி ஒரே துறையில கிடக்கும், ஒரு வேட்டி வீடு மாறாது. துணி ஓரத்துல அழியாத மையில ஒரு சின்னக் குறி, டோபி குறி. அவர் துணியைப் பார்க்கமாட்டார், குறியைப் பார்ப்பார். மைக்ரோ ஆர்.என்.ஏ பண்றதும் அதேதான். தூதுச் சீட்டு ஆயிரக்கணக்கான எழுத்து நீளம் இருக்கும். இது ஏழெழுத்துக் குறியை மட்டும் பார்க்கும். பொருந்திச்சுன்னா, ஆர்கோனாட்ங்கிற புரதத்தையும் கூட்டிக்கிட்டு வந்து சீட்டு மேல உட்கார்ந்துடும். சீட்டு ஓடாது. கொஞ்ச நேரத்துல கிழிஞ்சும் போயிடும்.

ஏழெழுத்துக் குறி ஒரு வேட்டியில மட்டுமா இருக்கும்? நூத்துக்கணக்கான வேட்டியில இருக்கும். அதனால ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ நூத்துக்கணக்கான ஜீனை ஒரே நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா அடக்கி வைக்கும். இதை மனசுல வச்சுக்கோ. நல்லதும் கெட்டதும் இதுலதான் இருக்கு.

அடக்குற ஆள் காணாமப் போனா என்ன ஆகும்னு 2002ல தெரிஞ்சுது. நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்னு ஒண்ணு. அந்த நோயாளிகள் பலருக்கு 13ஆம் குரோமோசோம்ல ஒரு துண்டு விழுந்துபோயிருக்கும். அந்தத் துண்டுல எந்தப் புரத ஜீன் இருந்துச்சு, எதைத் தொலைச்சதால நோய் வந்துச்சுன்னு பல வருஷம் தேடினாங்க. குற்றவாளி அகப்படல. கார்லோ குரோச்சே, ஜார்ஜ் கேலின் கூட்டம் கடைசியில பார்த்தா, அங்கே இருந்தது புரத ஜீனே இல்ல. மிர்-15, மிர்-16னு ரெண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ. நோயாளிகள்ல பாதிக்கு மேல உள்ளவங்களுக்கு அது காணோம், இல்லேன்னா குறைஞ்சு கிடக்கு. செல் செத்துப்போகாம காப்பாத்துற பி.சி.எல்-2ங்கிற புரதத்தை அடக்கி வச்சிருந்தது அந்த ரெண்டும்தான். அதட்ட ஆள் போனதும் சாகவேண்டிய செல் சாகமாட்டேங்குது, புற்றாயிடுது.

வைரஸ் இருக்கே, அது உன்னைவிடக் கில்லாடி. கல்லீரல்ல மிர்-122னு ஒண்ணு கூட்டமா இருக்கும். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் உள்ளே வந்து, அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-வையே தன் தலைமாட்டுல ஒட்டவச்சுக்கிட்டு, தன்னை யாரும் அரிச்சுடாம பிழைச்சுக்கும். வீட்டுக் காவல்காரனையே கைக்குள்ள போட்டுக்கிற திருடன். காவல் பார்த்தவன்கிறதால இது எனக்கு ரொம்பச் சுடும்.

நம்ம ஊர்க் கதையும் இருக்கு. நம்ம ஊர்னா சிங்கப்பூர்தான், இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கே. வயித்துப் புற்றுநோய் இங்கே சீனர்களுக்குக் கூடுதலா வருது. முத்திப்போனப்புறம்தான் தெரியவரும், அதுதான் அந்த நோயோட குசும்பு. புற்றுக் கட்டியில மைக்ரோ ஆர்.என்.ஏ ஏறினாலும் இறங்கினாலும் அந்த மாத்தம் ரத்தத்துலயும் தெரியும். ஆர்.என்.ஏ-ன்னா சீக்கிரம் சிதையுற சாதி, ஆனா இந்தக் குட்டிங்க ரத்தத்துல அசராம நிக்கும். பயோபோலிஸ் ஆராய்ச்சியில இருந்து 2014ல பிரிஞ்சு வந்த மிரெக்ஸஸ் கம்பெனி அதுல 12 மைக்ரோ ஆர்.என்.ஏ-வைப் பொறுக்கி எடுத்து, காஸ்ட்ரோகிளியர்னு ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சாங்க. தேசிய பல்கலைக்கழக மருத்துவமனை டாக்டர்களும் கூட இருந்து, சிங்கப்பூர், கொரியான்னு 5,000 பேருக்கு மேல பார்த்துக் கட்டுரை போட்டாங்க. இங்கே சுகாதார அறிவியல் ஆணையமும் அனுமதி கொடுத்துச்சு. அது உறுதியான தீர்ப்பு இல்ல மாப்ளே. சந்தேகம் வந்தா வாய்வழியாக் குழாய் விட்டுப் பார்த்தே ஆகணும். குழாய் இப்போ தேவைப்படாதவன் எவன், அவசியமாப் போகவேண்டியவன் எவன்னு பிரிக்கத்தான் அந்த ரத்தம்.

கண்டுபிடிக்கிறதுக்கு இவ்வளவு நல்லா வேலை செய்யற மைக்ரோ ஆர்.என்.ஏ-வை மருந்தா கொடுக்கலாமேன்னு உன் மூளை இப்போ ஓடும். ஓடணும், தப்பில்ல. அமெரிக்காவுல ஓடிப் பார்த்தாங்க. புற்றை அடக்குற மிர்-34ங்கிறதை நகல் பண்ணி ஊசியாக்கி, நோயாளிகளுக்குக் கொடுத்தாங்க. நோயெதிர்ப்புச் சக்தி கண்டபடி பொங்கி, உயிர்ச்சேதம் ஆகி, 2016ல அந்தச் சோதனையை இழுத்து மூடவேண்டியதாப் போச்சு. நூறு வீட்டுக் குறியைப் பார்க்கிற ஆளைக் கூட்டமாக் கொட்டினா, எந்த வீட்டுல கலகம் வரும்னு யாருக்குத் தெரியும்? மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்துன்னு ஒண்ணுக்கும் இன்னும் விற்பனை அனுமதி கிடைக்கல. நோபல் கிடைச்சிருச்சு, மருந்து கிடைக்கல.

உன் அரசன், அதான் அந்த ஆறு மாச ஊசி, வேற ஜாதகம். அவன் கதை செடியில ஆரம்பிக்குது. 1990ல பெட்டூனியாப் பூவுக்கு ஊதா நிறம் இன்னும் ஏறட்டும்னு அந்த நிறத்துக்கான ஜீனையே கூடுதலா ஒண்ணு சேர்த்தாங்க. பூ வெளுத்துப்போச்சு. கூட ஒண்ணு வைக்கப்போக, இருந்ததும் வாயை மூடிக்கிச்சு. ஏன்னு 1998ல சொன்னவங்க ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும். எந்தப் பிராணியில? அதே புழு! ஒரு சீட்டோட எழுத்துக்கு அச்சுஅசலாப் பொருந்துற ரெட்டை இழை ஆர்.என்.ஏ-வை உள்ளே விட்டா, செல் அந்தச் சீட்டை மட்டும் தேடிப் பிடிச்சு நறுக்கிப்போடும். 2006லயே அவங்களுக்கு நோபல். இதுல பார்க்கிறது ஏழெழுத்து இல்ல, சுமார் 21 எழுத்து. குறி மட்டும் பார்க்காம துணி நூல், கரை, தையல் எல்லாம் பார்த்து ஒரே வேட்டியை எடுக்கிற ஆள் இது. குறுக்கீட்டு ஆர்.என்.ஏ-ன்னு பேரு.

அவன் எந்தச் சீட்டை நறுக்குறான்? கல்லீரல்ல எல்.டி.எல் கொழுப்பைப் பிடிச்சு உள்ளே இழுக்கிற கைகள் இருக்கு. பி.சி.எஸ்.கே-9னு ஒரு புரதம் அந்தக் கைகளை ஒடிச்சுப்போடும். கை குறைஞ்சா கொழுப்பு ரத்தத்துலயே சுத்தும். 2003ல அதை அடையாளம் கண்டாங்க. 2006ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி. அந்த ஜீன் பழுதாப் பிறந்த கறுப்பின மக்களுக்கு எல்.டி.எல் 28 சதவீதம் குறைவு, இதயநோய் 88 சதவீதம் குறைவு. பிறக்கும்போதே பழுது, ஆனா யோகம்! உனக்கும் எனக்கும் பழுதாகாம நல்லபடியா வேலை செய்யுது, என்ன செய்யறது. அந்தச் சீட்டை நறுக்குற ஊசிக்குத்தான் இன்கிளிசிரான்னு பேரு. அமெரிக்காவுல 2021 டிசம்பர்ல அனுமதி. முதல் ஊசி, மூணு மாசம் கழிச்சு ரெண்டாவது, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. எல்.டி.எல் ஏறக்குறையப் பாதியாக் குறையும்.

இந்த இடத்துல நிமிர்ந்து உட்காரு, மதுரைக்காரங்க வர்றாங்க. ஆர்.என்.ஏ-வை வெறுமனே ரத்தத்துல விட்டா நிமிஷத்துல சிதைஞ்சுபோகும். சிதையாததைச் சிறுநீரகம் வடிச்சு வெளியே தள்ளிடும். அதுக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, சரியான வீட்டு வாசல்ல கொண்டுபோய் வச்ச வேதியியல்காரர்கள்ல முன்வரிசை ஆள் முத்தையா மனோகரன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில வேதியியல் படிச்சவர், 2003ல இருந்து அல்நைலம் கம்பெனியில. 2004ல அவங்க எலிக்கு என்ன பண்ணினாங்க தெரியுமா? கொழுப்பைக் குறைக்கிற ஆர்.என்.ஏ-வோட வால்ல ஒரு கொலஸ்ட்ராலையே கட்டி அனுப்பினாங்க. முள்ளை முள்ளால எடுக்கிறதுன்னா இது. வேலை செஞ்சுது. ஆனா மருந்தளவு ரொம்ப வேண்டியிருந்துச்சு. அப்புறம் என்-அசிட்டைல் கேலக்டோசமைன்னு ஒரு சர்க்கரை. அதுல மூணு எடுத்து ஆர்.என்.ஏ வால்ல கொத்தாக் கட்டினாங்க. அந்தச் சர்க்கரையைக் கண்டா கல்லீரல் செல் வாரி அணைச்சு உள்ளே இழுத்துக்கும், அதுக்குன்னே அதோட தோல்ல ஒரு ஏற்பி இருக்கு. நீ குடிக்கிற தேயில மூணு கரண்டி சீனி போடுறே, கல்லீரலுக்குக் கொழுப்பு ஏறுது. மனோகரன் ஆட்கள் மூணு சர்க்கரை போட்டாங்க, கொழுப்பு இறங்குது. நாளையில இருந்து சீனி போடாத "தே ஓ கோசோங்"னு சொல்லப் பழகிக்கோ. உன் சர்க்கரைக்கு அந்தப் படிப்பு கிடையாது.

இப்போ உன் மச்சினனைக் கூப்பிடு. ஜீன் மாறிடும்னானே. இந்த ஊசி டி.என்.ஏ பக்கமே போறதில்ல. எழுதின புஸ்தகத்தைத் தொடாம, அதுல இருந்து எடுத்த சீட்டை மட்டும் கிழிக்குது. நான் சொன்னா நம்பமாட்டான். அவனையே ஒண்ணு கேளு: ஜீனே மாறிப்போச்சுன்னா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எதுக்குடா மறுபடி ஊசி? பதில் வந்தா எனக்கு அனுப்பு. வராது. அப்புறம், 16 கோடி ரூபாய் ஊசின்னு இந்தியாவுல குழந்தைங்களுக்குப் பணம் திரட்டினாங்களே, அது ஜீனையே கொண்டுபோய்ச் சேர்க்கிற வைத்தியம். அதே முதுகுத்தண்டுத் தசைநோய்க்கு நியூசினெர்சன்னு இன்னொரு மருந்து 2016ல வந்துச்சு. அது இன்னொரு ஜீனோட சீட்டை வெட்டி ஒட்டுற விதத்தை மாத்திவிடுற ஆர்.என்.ஏ வேலை. ரெண்டையும் குழப்பி ஒரே பானையில கிண்டினா வாட்ஸ்அப் செய்தி தயார்.

ஆனா உன் அரசனை நான் கும்பிடவும் இல்ல. இந்தச் சாதி ஊசியிலயே முதல்ல அனுமதி வாங்கினது பாட்டிசிரான், 2018ல, பரம்பரையா வர்ற அமிலாய்டு நோய்க்கு. அதுக்கு முன்னாடி அதே அல்நைலம் கம்பெனி, நான் சொன்ன சர்க்கரைக் கொத்தோட ரெவுசிரான்னு ஒண்ணைச் சோதிச்சாங்க. மருந்து போட்டவங்கள்ல 18 பேர் போய்ச்சேர்ந்தாங்க. பேருக்குப் போட்ட ஊசிக்காரங்கள்ல 2 பேர். 2016 அக்டோபர்ல நிறுத்திட்டாங்க. ரெவுசிரானைவிட ஆர்.என்.ஏ-வை இன்னும் கெட்டியா வடிவமைச்சு, மருந்தளவைப் பலமடங்கு குறைச்சதுதான் உன் இன்கிளிசிரான் கூட்டம். செத்தவங்க கணக்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருந்தை மதிக்கணும். வாட்ஸ்அப்ல அது வராது. அந்தப் பக்கத்துலயும் வராது, இந்தப் பக்கத்துலயும் வராது.

இன்னொண்ணு. அந்த ஊசி எல்.டி.எல்லைக் குறைக்குதுங்கிறதுல சந்தேகமே இல்ல. மாரடைப்பையும் சாவையும் எவ்வளவு தள்ளிப்போடுதுன்னு சொல்றதுக்கான பெரிய சோதனைகள் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. விலை வேற. அமெரிக்காவுல வந்தப்போ ஒரு ஊசிக்குப் போட்ட விலை 3,250 அமெரிக்க டாலர். நீ டாக்சிக்கு எட்டு வெள்ளி கேட்டா எம்ஆர்டியில வர்றவன்.

நீ தூக்கிப்போட்ட மாத்திரை எப்படிப்பட்டதுன்னு சொல்லட்டா? ஜப்பான்காரர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணத்தை அலசி 1973ல கண்டுபிடிச்ச சரக்கு. அந்த வழியில வந்த முதல் ஸ்டாட்டின் மாத்திரைக்கு அமெரிக்காவுல அனுமதி 1987ல. இந்த டோபி காட் ஸ்டேஷன்ல ரயில் ஓட ஆரம்பிச்ச அதே வருஷம். அன்னிக்கு இருந்து உலகம் முழுக்க மாரடைப்பைக் குறைச்சுக் காட்டினது அது, வாக்குறுதி இல்ல, நடந்து முடிஞ்ச கணக்கு. இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. ஸ்டாட்டின் போட்டா கல்லீரல் கொழுப்பைப் பிடிக்கிற கைகளை நிறைய முளைக்கவைக்கும். கூடவே அந்தக் கையை ஒடிக்கிற பி.சி.எஸ்.கே-9ஐயும் கூட்டிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் உன் ஊசி. சோதனையில இன்கிளிசிரான் போட்டுக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்கதான். ரெண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துற ஜோடி. நீ என்னடான்னா ஒருத்தியை விரட்டிட்டு இன்னொருத்திக்கு ஜாதகம் பார்த்துக்கிட்டு இருக்கே.

கால் வலிக்குதுன்னு நிறுத்தினேன்னு சொல்வே. சொல்லு, டாக்டர்கிட்ட சொல்லு. அளவைக் குறைப்பார், வேற ஸ்டாட்டின் மாத்துவார், அதுவும் ஒத்துக்கலேன்னா அப்போ ஊசியைப் பத்தி அவரே பேசுவார். மச்சினன்கிட்ட சொன்னா அவன் பூண்டுச் சாறு எழுதிக் கொடுப்பான்.

இனி சிரிப்பை ஓரம் வச்சிட்டு ஒண்ணு சொல்றேன். இந்த ஊர்ல சீனர்களைவிட இந்தியர்களுக்கும் மலாய்க்காரங்களுக்கும் மாரடைப்பு கூடுதல்னு எல்லாருக்கும் தெரியும். பிராட்டா மேலயே பழியைப் போட்டுட்டுப் போகலாம். உன் விஷயத்துல பிராட்டாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, நான் அதை விடுதலை பண்ணல. ஆனா மச்சான், அதான் உங்கப்பா, பிராட்டாவைக் கண்ணால பார்த்தவர் இல்ல. கம்பங்கூழும் மீன் குழம்பும். வரப்புல நடந்து நடந்து காய்ஞ்ச உடம்பு. 44 வயசுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவர் எழுந்திரிக்கல. காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு ஊர் சொல்லிச்சு. அவர் எல்.டி.எல்லை யாரு அளந்தா? 4.9ம் அதுக்கு மேலயும் இருந்து, வீட்டுல யாரோ சின்ன வயசுல நெஞ்சுவலியில போயிருந்தா, பரம்பரைக் கொழுப்பு நோயான்னு டாக்டர் பார்க்கவேண்டிய கேஸ் அது. ஏறக்குறைய 250 பேருக்கு ஒருத்தருக்கு இருக்கு. அப்பாகிட்ட இருந்தா பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதுக்குன்னே 2025ல சுகாதார அமைச்சு மரபணுப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பிச்சிருக்கு. ஒருத்தருக்கு உறுதியானா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்கன்னு வரிசையாக் கூப்பிட்டுப் பார்ப்பாங்க.

ஆகவே திங்கட்கிழமை காலையில பாலிகிளினிக் போறே. மாத்திரையை நிறுத்தினதை மறைக்காம சொல்றே. அப்பா வயசைச் சொல்றே, 44ன்னு, "சின்ன வயசுலயே"ன்னு மழுப்பாதே. உன் மகளுக்கும் எப்போ ரத்தம் பார்க்கணும்னு கேட்கிறே. தங்கச்சிக்கு நான் ராத்திரி போன் போட்டு, மச்சானோட அண்ணன் தம்பி எந்தெந்த வயசுல போனாங்கன்னு கேட்டு எழுதி வச்சிடறேன். அவளுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது, எந்த அறுப்புன்னு ஞாபகம் இருக்கும், அதை வச்சுக் கணக்குப் பண்ணிக்கலாம்.

அந்தப் பார்சலை இப்படிக் கொடு. ஏன் முறைக்கிறே? எனக்கு எல்.டி.எல் 1.8. தினமும் ராத்திரி ஸ்டாட்டின் போட்டுக்கிறவனுக்கு மாசம் ஒரு நெய் ரோஸ்ட்டை டாக்டரே கண்டுக்கமாட்டார். உன் ரயில் வந்துடுச்சு, ஏறு.